கொட்டியாரக் குடாத் தண்ணீரில் தீத்தடுப்பு இரசாயனங்கள்: கையடக்கக் கருவி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் கடலை நம்பி வாழ்கிறவர்கள், உயர்தரத்தில் இரசாயனவியல் படிக்கிற பிள்ளைகள், அவர்களுக்குப் படிப்பிக்கிற ஆசிரியர்கள், நிலாவெளிப் பக்கம் விடுதி நடத்துகிறவர்கள் என்று பலரும் ஒரே விஷயத்தைத்தான் வெவ்வேறு விதமாகக் கேட்கிறார்கள். லேசர் ஒளியால் மூலக்கூறுகளை இனங்காணும் ராமன் கருவி போல, கையில் தூக்கிச் செல்லக்கூடிய ஒரு கருவியால் கடல்நீரில் கலந்த தீத்தடுப்பு இரசாயனங்களைக் கண்டுபிடிக்க முடியுமா? முடியும். ஆனால் கருவியை எதன்மேல் வைத்துப் பார்க்கிறோம், அது சொல்வதை எவ்வளவு தூரம் நம்புகிறோம் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் காசைக் கொட்டினால் நாமே நம்மை ஏமாற்றிக்கொள்வோம். அதனால்தான் பதில்கள் கொஞ்சம் நீளமாக இருக்கின்றன.

தீத்தடுப்பு இரசாயனம் என்றால் என்ன?

சோபா மெத்தை, தொலைக்காட்சியின் பின்மூடி, கணினியின் உட்பலகை, வாகன இருக்கை, வயர் உறை, கட்டடச் சுவர்களில் வெப்பம் புகாமல் பதிக்கும் நுரைப்பலகை ஆகியவை இலகுவில் தீப்பிடிக்காமல் இருக்க, உற்பத்தி செய்யும்போதே சேர்க்கப்படும் பொருட்கள்தான் இவை. பல வகை உண்டு. இங்கே பெரும்பாலும் புரோமின் கொண்டவற்றைப் பற்றித்தான் பேசப்போகிறோம்.

அவற்றில் பெரிய குடும்பம் பி.பி.டி.இ. (பல புரோமின் ஏறிய டைபீனைல் ஈதர்கள்). இரண்டு பென்சீன் வளையங்கள், நடுவில் அவற்றை இணைக்கும் ஓர் ஒட்சிசன் அணு, வளையங்களைச் சுற்றி 1 முதல் 10 வரை புரோமின் அணுக்கள். எத்தனை புரோமின், எந்தெந்த இடத்தில் என்பதைப் பொறுத்து மொத்தம் 209 உறுப்பினர்கள். ஒவ்வொன்றுக்கும் இலக்கம் உண்டு. நான்கு புரோமின் கொண்ட 47ஆம் இலக்கமும் பத்துப் புரோமின் கொண்ட 209ஆம் இலக்கமும் அடிக்கடி பேசப்படுபவை. இன்னொரு முக்கியமான பொருள் எச்.பி.சி.டி. (ஹெக்சாபுரோமோசைக்குளோடொடெக்கேன்). நுரைப் பொலிஸ்டைரீனில், அதாவது நாம் ரிஜிபோம் என்று சொல்லும் வெள்ளைப் பொருளில், சேர்க்கப்பட்டு வந்தது.

இவை இரண்டும் பிளாஸ்டிக்கோடு இரசாயன ரீதியில் பிணைக்கப்படாமல் வெறுமனே கலந்து விடப்பட்டவை. அதனால் வருடக்கணக்கில் சிறிது சிறிதாக வெளியே கசியும். தண்ணீரில் தங்க விரும்பாது. கொழுப்பையும் பிளாஸ்டிக்கையும் சேற்றையும் தேடிப் போய் ஒட்டும். மீன்குழம்பு வைத்த பிளாஸ்டிக் பெட்டியை எத்தனை தரம் கழுவினாலும் அந்த மஞ்சள் எண்ணெய்க் கறை போகாது அல்லவா, அதே குணம்தான். இந்த ஒரு குணத்தை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பாதிப் பதில்கள் தாமாகவே விளங்கும்.

உடலுக்கு என்ன செய்யும்?

பி.பி.டி.இ.யின் வடிவம் தைரொயிட் சுரப்பியின் தைரொக்சின் ஹோர்மோனைப் போன்றது. தைரொக்சினில் அயடின் இருக்கும் இடத்தில் இதில் புரோமின் இருக்கிறது. அதனால் உடல் ஏமாறலாம். கருவில் இருக்கும் பிள்ளையின் மூளை வளர்ச்சிக்குத் தைரொயிட் ஹோர்மோன் அவசியம் என்பதால் கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும்தான் முதல் கவலை. சுவீடனில் சேமித்து வைத்திருந்த தாய்ப்பால் மாதிரிகளைப் பரிசோதித்தபோது, 1972 முதல் 1997 வரை இதன் அளவு ஏறக்குறைய 5 வருடத்துக்கு ஒருமுறை இரட்டித்து வந்தது தெரிந்தது. உலகம் விழித்துக்கொண்டதில் அந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு.

தீயணைக்க அடிக்கும் நுரையும் இதுவும் ஒன்றா?

இல்லை. 2020 செப்டெம்பரில் சங்கமன்கண்டிக்கு அப்பால் நியூ டயமண்ட் எண்ணெய்க் கப்பல் ஏறக்குறைய 2,70,000 தொன் மசகு எண்ணெயோடு தீப்பிடித்ததிலிருந்து கிழக்கில் இந்தக் குழப்பம் இருக்கிறது. எண்ணெய்த் தீயை அணைக்கும் நுரைகள் பலவற்றில் இருப்பது புளோரின் சார்ந்த வேறொரு குடும்பம். அதைத் தேடும் முறையும் வேறு.

தடை செய்துவிட்டார்களே, இன்னும் ஏன் இந்தப் பேச்சு?

தடை உண்மைதான். சூழலில் நெடுங்காலம் அழியாத நஞ்சுகளைத் தடுக்கும் உலக உடன்படிக்கையான ஸ்டொக்ஹோம் சமவாயம் பி.பி.டி.இ.யின் இரண்டு வணிகக் கலவைகளை 2009இல் பட்டியலிட்டது. எச்.பி.சி.டி. 2013இல் சேர்ந்தது, பத்துப் புரோமின் கலவை 2017இல். இலங்கை 2005இல் இருந்தே அந்தச் சமவாயத்தில் உறுப்பு நாடு. ஆனால் தடை என்பது புதிதாகச் செய்வதற்குத்தான். 2000ஆம் ஆண்டு வாங்கிய தொலைக்காட்சி இன்னும் யாரோ வீட்டுக் கோடியில் கிடக்கிறது. பழைய பிளாஸ்டிக்கை உருக்கி மறுபடி வார்க்கும்போது அதிலிருந்த புரோமினும் புதிய பொருளுக்குள் போகிறது. பழைய கலவைகள் கலந்த பொருட்களை மறுசுழற்சி செய்ய 2030 வரை விலக்குக்கூட கொடுத்திருக்கிறார்கள். இந்த விலக்கு தவறு என்பது என் கருத்து. ஏழை நாடுகளின் சந்தைக்குத்தான் அந்த மறுசுழற்சிப் பிளாஸ்டிக் வந்து சேர்கிறது.

திருகோணமலைக் கடலுக்கு இது எந்த வழியால் வரும்?

முதல் வழி ஆறு. மகாவலி 335 கிலோமீற்றர் ஓடி, மலைநாட்டு நகரங்களின் தண்ணீரையெல்லாம் சேர்த்துக்கொண்டு கொட்டியாரக் குடாவில்தான் வந்து விழுகிறது. மேலே கண்டியில் ஒரு குப்பைமேட்டில் மழை பெய்தால் அதன் கடைசிக் கணக்கு மூதூர்ப் பக்கம் எழுதப்படும்.

இரண்டாவது, கரையிலேயே எரிப்பது. செம்பு எடுக்க வயரை எரிக்கிற வழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். புரோமின் கலந்த பிளாஸ்டிக் அரைகுறையாக எரியும்போது புரோமின் கொண்ட டையொக்சின்களும் பியூரான்களும் உண்டாகின்றன. அவை மூலப்பொருளைவிட மோசமானவை. சாம்பல் அடுத்த மழையில் கடலுக்குப் போகும். புகை எரிக்கிறவரின் நெஞ்சுக்குள் அன்றைக்கே போய்விடும்.

மூன்றாவது ரிஜிபோம். மீன் பெட்டி, வலை மிதவை, பொதி செய்து வரும் துண்டு என்று எங்கும் இருக்கிறது. உணவுப் பெட்டிக்குச் செய்யும் ரிஜிபோமுக்கு எச்.பி.சி.டி. தேவையே இல்லை, அது கட்டட நுரைக்கானது. ஆனால் தயாரிப்பில் இரண்டும் கலந்துபோனது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. தென்கொரியாவில் ரிஜிபோம் மிதவைகளிலேயே எச்.பி.சி.டி. இருந்ததும், அந்த மிதவைகளில் ஒட்டி வளர்ந்த மட்டிகளின் உடலில் அது ஏறியதும் ஆய்வில் தெரியவந்தது. அலையில் உரசி மணிமணியாக உதிரும் ஒவ்வொரு துண்டும் இரசாயனத்தைச் சுமந்துகொண்டு போகிறது.

சரி, எங்கள் கடலில் இருக்கிறதா?

இதைத் தேடிப் போனவர்கள் மரியானா ஆழிப் பள்ளத்தின் அடியில் வாழும் சிறு கூனிவகை உயிரிகளில்கூடக் கண்டிருக்கிறார்கள். ஆழ்கடலில் இரை தேடும் எண்ணெய்த் திமிங்கிலங்களின் கொழுப்பில் 1990களிலேயே கண்டார்கள். அதே இனத் திமிங்கிலங்கள் நம் துறைமுக வாயிலுக்கு வெளியே, கடலடிப் பள்ளத்தாக்கின் மேலாகப் போய்வருகின்றன. ஆகவே இருக்கிறதா என்று கேட்பதைவிட, எங்கே கூட, எங்கே குறைவு, எந்த மாதத்தில் ஏறுகிறது என்று கேட்பதுதான் நமக்குப் பயன்படும். கையடக்கக் கருவிக்கு இடமும் அங்கேதான்.

கருவி எப்படி வேலை செய்கிறது?

இதில் நம்மவர் ஒருவரின் கதை இருக்கிறது. திருச்சிராப்பள்ளியில் 1888இல் பிறந்த சி. வி. ராமன் 1921இல் கப்பலில் வரும்போது மத்தியதரைக் கடலின் நீலத்தைப் பார்த்து, இது வானத்தின் பிரதிபலிப்பு மட்டும்தானா என்று கேட்டார். தண்ணீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று காட்டினார். அந்தத் தேடல்தான் 1928 பெப்ரவரி 28இல் ராமன் விளைவாக முடிந்தது. 1930இல் நோபல் பரிசும் வந்தது. கடலைப் பார்த்துத் தொடங்கிய கேள்வி மறுபடி கடலுக்கே கருவியாகத் திரும்பி வந்திருப்பது எனக்குப் பெரிய சந்தோஷம்.

விஷயம் இதுதான். ஒரு பொருள்மேல் லேசர் ஒளியை அடித்தால் பெரும்பாலான ஒளி அதே நிறத்தில் சிதறும். ஏறக்குறைய ஒரு கோடியில் ஒரு ஒளித்துகள் மட்டும் மூலக்கூறின் அதிர்வோடு சக்தியைக் கொடுத்து வாங்கி, சற்றே நிறம் மாறி வெளியே வரும். எந்த அளவு மாறியது என்பதை வைத்து எந்த மூலக்கூறு என்று சொல்லலாம். கருவி இந்த மாற்றங்களை நிறமாலை என்ற வரைபடத்தில் கோடுகளாகக் காட்டும்: பென்சீன் வளையத்துக்கு ஒரு கோடு, கார்பன்-புரோமின் பிணைப்புக்கு வேறு கோடுகள்.

கோடியில் ஒன்று போதாது. 1974இல் இங்கிலாந்தின் சௌதாம்ப்டன் பல்கலைக்கழகத்தில், கரடுமுரடான வெள்ளிப் பரப்பில் ஒட்டிய மூலக்கூறுகளின் ராமன் ஒளி பல மடங்கு பெருகுவதைக் கண்டார்கள். பத்து லட்சம் மடங்கு என்பது இப்போது சாதாரணமாகச் சொல்லப்படும் பெருக்கம். தபால்தலை அளவுச் சில்லில் நுண்ணிய பொன் அல்லது வெள்ளித் துகள்களைப் பரப்பி, அதன்மேல் மாதிரியின் ஒரு துளியை விட்டு, கையடக்க ராமன் கருவியால் பார்ப்பதுதான் இன்றைய முறை. பெருக்கம் துகள்களுக்கு இடையிலுள்ள மெல்லிய இடுக்குகளில்தான் அதிகம். மூலக்கூறு அந்த இடுக்குக்குள் வந்து உட்கார வேண்டும்.

அங்கேதான் சிக்கல். பி.பி.டி.இ.க்கு உலோகத்தில் ஒட்டும் ஆசை இல்லை. அதனால் சில்லின்மேல் கொழுப்பு போன்ற ஒரு மெல்லிய படலத்தையோ, குழிவான வளைய வடிவச் சைக்குளோடெக்ஸ்ரினையோ பூசி, அதற்குள் இதை இழுத்துப் பிடிக்கிறார்கள். பூச்சு இல்லாத வெறும் சில்லை யாராவது இந்த வேலைக்கு விற்க வந்தால் இந்தக் கேள்வியை முதலில் கேளுங்கள்.

கருவியை நேரே தண்ணீரில் பிடித்தால் எண் வருமா?

வராது. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐரோப்பிய ஒன்றியம் கரையோரக் கடல்நீரில் பி.பி.டி.இ.யின் குறிப்பிட்ட ஆறு உறுப்பினர்களுக்குச் சேர்த்து விதித்த உச்ச அளவு லீற்றருக்கு 14 நானோகிராம் (ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு). நல்ல சில்லும் நல்ல கருவியும் சேர்ந்து 1 நானோமோலார் (லீற்றருக்கு ஒரு மோலின் நூறு கோடியில் ஒரு பங்கு) வரை காணும் என்று வைத்துக்கொள்வோம். இது தாராளமான கணிப்பு. 47ஆம் இலக்கத்தின் மூலக்கூற்று நிறை ஏறக்குறைய 486. அப்படியானால் 1 நானோமோலார் என்பது லீற்றருக்கு 486 நானோகிராம், அதாவது அந்த உச்ச அளவைப்போல் ஏறக்குறைய 35 மடங்கு. திறந்த கடலில் கிடைக்கும் அளவுகளோ நானோகிராமைவிடவும் மிகக் குறைந்தவை. தண்ணீரில் கருவியை நனைத்துவிட்டு “ஒன்றும் இல்லை” என்று சொல்வதற்குக் கருவியே தேவையில்லை.

அப்படியானால் என்ன வழி?

செறிவாக்க வேண்டும். 10 லீற்றர் கடல்நீரை வடிகட்டி, எண்ணெய்த்தன்மை உள்ள பொருட்களைப் பிடிக்கும் சிறு குழலுக்குள் மெதுவாகச் செலுத்தி, குழலில் பிடிபட்டதை 1 மில்லிலீற்றர் கரைப்பானில் கழுவி எடுத்தால், எதுவும் வீணாகாத பட்சத்தில் செறிவு 10,000 மடங்கு கூடும். லீற்றருக்கு 1 நானோகிராம் இருந்த தண்ணீர் இப்போது ஏறக்குறைய 20 நானோமோலார். கருவியின் கண்ணுக்கு எட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது. வடித்த தாளையும் எறியக்கூடாது. பத்துப் புரோமின் கொண்டது பெரும்பாலும் கரைந்து இருக்காது, மிதக்கும் மண்துகளில்தான் ஒட்டியிருக்கும்.

மாதிரி எடுப்பதில்தான் எல்லாரும் சறுக்குகிறார்கள். படகில் உள்ள ஒவ்வொன்றும் எதிரிதான். உயிர்காப்பு அங்கியின் நுரை, இருக்கை மெத்தை, எஞ்சின் எண்ணெய், கையில் பூசிய சூரியக் களிம்பு எல்லாம் மாதிரிக்குள் வரப் பார்க்கும். எஞ்சினை நிறுத்தி, படகு இழுபட்டு நின்ற பிறகு, அணியப் பக்கமாக, நீரோட்டம் வரும் திசையைப் பார்த்து எடுக்க வேண்டும். மண்ணிறக் கண்ணாடிப் போத்தல். கரைப்பானால் கழுவிக் காயவைத்தது. மூடிக்கும் வாய்க்கும் நடுவே அலுமினியத் தாள். போத்தலை மூடியபடி கீழே இறக்கி, தண்ணீருக்குள் வைத்துத் திறந்து, அங்கேயே மூடி எடுத்தால் மேற்பரப்பின் எண்ணெய்ப் படலம் கலக்காது. அந்தப் படலத்தில்தான் இத்தகைய பொருட்கள் அதிகம் திரளும் என்பதால், மேற்பரப்பிலா அடியிலா எடுத்தோம் என்று எழுதி வைக்காத மாதிரிக்கு மதிப்பில்லை.

அப்புறம் வெற்று மாதிரி. ஆய்வுகூடச் சுத்த நீரை ஒரு போத்தலில் அதே படகில் கொண்டுபோய், அதே இடத்தில் திறந்து மூடிக் கொண்டுவர வேண்டும். அதிலும் கோடு தெரிந்தால் அந்தக் கோடு படகிலிருந்து வந்தது, கடலிலிருந்து அல்ல. இதைச் சோம்பலில் விடுகிறவர்களின் முடிவை நான் ஏற்கமாட்டேன்.

உப்பு, வெயில், கலங்கல் எல்லாம் கருவியைக் குழப்பாதா?

குழப்பும். கடல்நீரில் லீற்றருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. வெள்ளித் துகள் கரைசலில் இந்த உப்பு பட்டவுடன் துகள்கள் ஒன்றோடொன்று கட்டிப்பட்டு அடியில் போய்விடும். குளோரைட் அயன் வெள்ளிப் பரப்பையும் பிடித்துக்கொள்ளும். குழலில் பிடித்த பிறகு சுத்த நீரால் உப்பைக் கழுவி வெளியேற்றுவது அதற்காகத்தான்.

வாடைக் காலத்தில் மகாவலி கொண்டுவரும் செம்மண் நிறத் தண்ணீரில் உக்கிய இலைதழைச் சாரம் நிறைய. லேசர் பட்டால் அது ஒளிரும். அந்த ஒளிர்வில் மெல்லிய ராமன் கோடுகள் மூழ்கிப்போகும். கையடக்கக் கருவிகளில் 785 நானோமீற்றர் லேசர் பரவலாக இருப்பதற்கு இந்த ஒளிர்வைக் குறைப்பது ஒரு காரணம். 1064 நானோமீற்றர் இன்னும் நல்லது, ஆனால் சிதறும் ஒளி குறைந்துவிடும், கருவியின் விலையும் கூடும்.

வெயிலுக்குக் கறுப்புத் துணி. சிரிக்கவேண்டாம், உப்புவெளி மணலில் மத்தியானம் வேலை செய்தால் சூரிய ஒளி கருவிக்குள் கசிந்து முழு நிறமாலையையும் கெடுக்கும். சூட்டில் லேசரின் அலைநீளமும் கொஞ்சம் நகரும். அதனால் ஒவ்வொரு தடவையும் ஒரு சிலிக்கன் துண்டைப் பார்த்து அதன் கோடு (நிற மாற்றத்தை அளக்கும் செ.மீ.⁻¹ அலகில்) 520க்கும் 521க்கும் நடுவில் நிற்கிறதா என்று சரிபார்க்க வேண்டும். சிலிக்கன் இல்லையென்றால் சுத்தமான பொலிஸ்டைரீன் போதும், அதன் வளையக் கோடு 1001இல் நிற்கும். இதே காரணத்தால் மாதிரிக்குள் ரிஜிபோம் துகள் விழுந்திருந்தாலும் 1001இல் ஒரு பெரிய கோடு எழுந்து ஆளைத் தடுமாறவைக்கும்.

எக்ஸ்-கதிர்த் துப்பாக்கியால் புரோமினை நேரே அளக்கலாம் என்கிறார்களே?

பிளாஸ்டிக்கில் அளக்கலாம், கடல்நீரில் முடியாது. துப்பாக்கி போன்ற அந்தக் கருவி எக்ஸ்-கதிரை அடித்து, புரோமின் அணு திருப்பிக் கொடுக்கும் 11.9 கிலோ-எலெக்ட்ரோன்வோல்ட் கதிரைத் தேடுகிறது. புரோமின் எந்த மூலக்கூறில் இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. கடல்நீரிலோ இயற்கையாகவே லீற்றருக்கு ஏறக்குறைய 67 மில்லிகிராம் புரோமைட் இருக்கிறது. மேலே சொன்ன 14 நானோகிராமோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய 48 லட்சம் மடங்கு. அந்த இரைச்சலில் நாம் தேடுவது கேட்கவே கேட்காது.

ஆனால் கரையில் ஒதுங்கிய ரிஜிபோம் துண்டு, பழைய தொலைக்காட்சி உறை, வயர் ஆகியவற்றுக்கு இதைவிட நல்ல கையடக்கக் கருவி இல்லை. எச்.பி.சி.டி. சேர்த்த ரிஜிபோமில் புரோமின் கிலோவுக்கு ஆயிரக்கணக்கான மில்லிகிராம் இருக்கும். துண்டை நல்ல தண்ணீரில் கழுவி, உப்பு போகக் காயவைத்து, கருவியைப் பிடித்தால் ஒரு நிமிடத்துக்குள் உண்டா இல்லையா என்று சொல்லிவிடும். புரோமின் தெரிந்தால் அது எச்.பி.சி.டி.யா, அதற்குப் பதிலாக வந்த புதிய பொருளா என்று பார்க்க ராமன் கருவியை எடுக்கலாம். என்னிடம் இரண்டில் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் முதலில் இதைத்தான் வாங்குவேன். நஞ்சு தண்ணீருக்குள் இறங்கி லட்சம் மடங்கு நீர்த்துப்போன பிறகு துரத்துவதைவிட, துண்டாகக் கரையில் கிடக்கும்போதே பிடிப்பது இலகு.

கருவி “இல்லை” என்றால் தண்ணீர் சுத்தமா?

இல்லை. “என் எல்லைக்கு மேல் இல்லை” என்பதுதான் கருவி சொல்வது. எந்த எல்லை என்று எண்ணில் எழுதாத அறிக்கையை யார் கொண்டுவந்தாலும் திருப்பிக் கொடுங்கள். ஒரு தொழிற்சாலைக்காகவோ ஒரு விடுதிக்காகவோ “கையடக்கக் கருவியில் ஒன்றும் தெரியவில்லை, ஆகவே கடல் சுத்தம்” என்று கடிதம் எழுதிவிட முடிகிற காலம் இது. அந்தக் கடிதத்தால் பாதிக்கப்படப்போவது கிண்ணியாவில் மட்டி பொறுக்குகிற தாய்மார்தான்.

“இருக்கிறது” என்றால்?

அதையும் அப்படியே நம்பவேண்டாம். கடற்பஞ்சுகளும் அவற்றுக்குள் வாழும் நீலப்பச்சை பக்டீரியாக்களும் பி.பி.டி.இ.யைப் போன்ற புரோமின் சேர்வைகளை இயற்கையாகவே செய்கின்றன. புறாத்தீவுப் பவளப்பாறைகளுக்கு அருகே எடுத்த மாதிரியில் இது முக்கியம். ராமன் நிறமாலையில் இரண்டும் நெருங்கிய சொந்தக்காரர்போல் தெரியும். ஆகவே கருவி கைகாட்டிய மாதிரியை கலவையைப் பிரித்து ஒவ்வொரு மூலக்கூறின் நிறையையும் அளக்கும், வாயு நிறப்பகுப்பும் திணிவு நிறமாலைமானியும் இணைந்த ஆய்வுகூடக் கருவிக்கு அனுப்பியே ஆகவேண்டும். அங்கே 13ஆம் கார்பன் (சற்றுக் கனமான கார்பன்) ஏற்றிய, அளவு தெரிந்த நியமப் பொருளைச் சேர்த்து, வழியில் எவ்வளவு வீணானது என்பதையும் கணித்து, இன்ன இலக்கம் இவ்வளவு என்று சொல்வார்கள். அதற்குச் செலவும் நாளும் அதிகம். நூறு இடத்தில் எடுத்ததை அனுப்ப முடியாது, பத்தை அனுப்பலாம். அந்தப் பத்து எவை என்று தெரிந்தெடுப்பதே கையடக்கக் கருவியின் வேலை.

தண்ணீரை விட்டுவிட்டு வேறு எதையாவது பார்க்கலாமா?

பார்க்கவேண்டும். தண்ணீர் அந்த நேரத்து நிலையை மட்டும் சொல்லும். சேறு வருடங்களைச் சொல்லும், மட்டியும் சிப்பியும் கடந்த சில மாதங்களைச் சொல்லும். ஒரு மட்டி நாள் முழுவதும் தண்ணீரை வடிகட்டி, நாம் குழலில் செய்கிற அதே செறிவாக்கலை இலவசமாகச் செய்கிறது. இடம் மாறாமலும் இருக்கிறது. ஆசிய நாடுகள் பலவற்றில் பச்சை மட்டிகளை வைத்தே கரையோர மாசுக்களைக் கண்காணித்தார்கள். தம்பலகாமக் குடா, சீனன்குடா போல ஒதுங்கிய, ஆழம் குறைந்த மூலைகளில் சேறும் மட்டியும் எடுத்தால், கடலடிப் பள்ளத்தாக்கு நுழைந்து நீர் கலந்து போகும் கொட்டியாரக் குடாவின் நடுவில் எடுத்த தண்ணீரைவிடத் தெளிவான பதில் கிடைக்கும். இறைச்சியின் கொழுப்பு ராமன் நிறமாலையை மூடிவிடும் என்பதால் முதலில் கொழுப்பை நீக்கவேண்டும், அதைக் களத்தில் செய்ய முடியாது.

மீன் சாப்பிடலாமா?

சாப்பிடுங்கள். மீனை நிறுத்தினால் நம் பிள்ளைகளுக்குப் புரதமும் நல்ல கொழுப்பும் வேறெங்கிருந்து வரும்? இந்தப் பொருட்கள் கொழுப்பில் தங்குபவை. ஆகவே ஈரலையும் வயிற்றுக் கொழுப்பையும் குறைத்துக்கொள்வது, பெரிய இரைகொல்லி மீனையே தினமும் உண்ணாமல் சாளை, சூடை என்று மாற்றி உண்பது நல்லது. தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. சுவீடனில் அளவு ஏறியபோதுகூட யாரும் அப்படிச் சொல்லவில்லை. பொருளைத் தடுத்தார்கள், பிறகு பாலில் அளவு இறங்கத் தொடங்கியது. வீட்டுத் தூசியும் ஒரு வழி, குறிப்பாகத் தவழ்கிற பிள்ளைகளுக்கு. பிய்ந்துபோன பழைய மெத்தை நுரையை வீட்டுக்குள் வைத்திருக்காதீர்கள்.

பாடசாலைப் பிள்ளைகள் செய்யலாமா?

மாதிரி எடுப்பது, வெற்று மாதிரி வைப்பது, கரையில் ரிஜிபோம் பொறுக்கி இடவாரியாக நிறுப்பது எல்லாம் தாராளமாகச் செய்யலாம். லேசரை மட்டும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். 785 நானோமீற்றர் ஒளி கண்ணுக்கு மங்கிய சிவப்பாகத்தான் தெரியும். அதனால் கண் தானாக மூடாது, விழித்திரை எரிந்த பிறகுதான் தெரியவரும். அந்த அலைநீளத்துக்கென்றே செய்த பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் கருவியைத் திறக்கக்கூடாது. கரைப்பான் வேலை ஆய்வுகூடத்துக்கு உள்ளேதான்.

எந்தக் காலத்தில், எந்த இடத்தில் எடுப்பது?

இரண்டு காலத்திலும். வாடை பிறந்து முதல் பெருவெள்ளம் மகாவலியில் இறங்கும் நாட்களில் ஒருமுறை, கடல் அமைதியாகக் கிடக்கும் ஏப்ரல், மே மாதங்களில் ஒருமுறை. மூதூர்ப் பக்க ஆற்றுவாய், உள்துறைமுகம், கிண்ணியாப் பாலத்தடி, ஒப்பிட்டுப் பார்க்க நகருக்கு எட்டவாகக் குச்சவெளிக் கடல். எல்லா இடத்திலும் ஒரே ஆள், ஒரே போத்தல் வகை, ஒரே ஆழம்.

முடிவு கிடைத்தால் யாரிடம் கொடுப்பது?

கடல் மாசைத் தடுக்கும் பொறுப்பு 2008ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின்படி கடல் சூழல் பாதுகாப்பு அதிகாரசபைக்கு உரியது. கரையில் மின்னணுக் குப்பை எரிப்பது, குவிப்பது பற்றியென்றால் மத்திய சுற்றாடல் அதிகாரசபை. வெறும் “நஞ்சு இருக்கிறது” என்று வட்ஸ்அப்பில் அனுப்பினால் மீன் விலைதான் விழும். எடுத்த திகதி, நேரம், கைத்தொலைபேசி காட்டும் அமைவிடம், ஆழம், அன்றைய காற்று, முந்திய மூன்று நாள் மழை, கருவியின் கண்டறியும் எல்லை, வெற்று மாதிரியின் நிறமாலை, இவ்வளவையும் சேர்த்து எழுத்தில் கொடுங்கள். அதே மாதிரியில் பாதியை மண்ணிறப் போத்தலில் குளிர்பெட்டிக்குள் வைத்திருங்கள், அவர்கள் தங்கள் ஆய்வுகூடத்தில் மறுபடி பார்க்கக் கேட்பார்கள்.